ஆற்றில் ஏறி வந்த தேங்காய் மூடி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் கடைசியாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியது பள்ளிக்கூடத்தில், பாரம் த்ரீ பரீட்சையில். அதிலும் பாதி, கேள்வியையே திருப்பி எழுதியது. இப்போது லோரி டயர் மாற்றுகிற கடையில் வேலை. அங்கே பேனா பிடித்தால் முதலாளி சந்தேகமாகப் பார்ப்பார். ஆனால் இந்தக் கதையை எங்கே உட்கார்ந்தாலும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லச் சொல்ல அதில் வரும் முதலை நீளமாகிக்கொண்டே போகிறது என்று கூட்டாளிகள் குறை சொல்கிறார்கள். அதனால் முதலையே இல்லாமல், நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பெயர் எதுவும் போட மாட்டேன். போட்டால் அடி விழும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வாரக் கடைசியோடு சேர்ந்து நீள லீவு வந்த ஒரு சமயம். ராசா என்கிற ஊர்ப் பக்கத்தில் ஆற்றில் இறங்கி, கேனோவில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், சுங்கை சிலாங்கூர் ஆற்றோடு போய், கடலுக்குக் கிட்டே இருக்கிற கோலசிலாங்கூர் படகு ஜெட்டியில் ஏறுவது என்று திட்டம். ராத்திரிக்குக் கரையில் கூடாரம். மூன்று கேனோ, ஆறு பேர்.

திட்டம் போட்டது எங்கள் கேப்டன். எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிற பெண். என் வயசுதான். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். லீவு நாளில் ஆற்றோரத்தில் கேனோ வாடகைக்கு விடுகிற இடத்துக்குப் போய் உதவி செய்து, அங்கேயே துடுப்புப் போடக் கற்றுக்கொண்டவள். கேப்டன் என்று நான் கிண்டலுக்குத்தான் கூப்பிட ஆரம்பித்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மற்றவர்களில் நாலு பேர் எங்கள் உறுமி மேளக் குழு. கோயில் திருவிழா, தைப்பூசம், கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் அடிப்போம். உறுமி அடிப்பவன் தடியன். பெயரே போதும், விளக்கம் வேண்டாம். பம்பை அடிப்பவர்கள் இரண்டு பேர், இரட்டைப் பிள்ளைகள், மேளம் அடிக்காத நேரத்தில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். நான் ஜால்ரா. சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஜால்ராதான். ஆறாவது ஆள் பாய். மேளத்துக்கு வர மாட்டான். ஆனால் மேளம் முடிந்ததும் நாங்கள் போய் விழுகிற சாப்பாட்டுக் கடை அவன் வாப்பாவுடையது, ஜெராமில். கடல் பக்கத்திலேயே பிறந்தவன். ஆனால் கடலை அவன் பார்த்ததெல்லாம் பொரித்த மீனாகத்தான்.

கேப்டனுக்கு இந்தப் பயணம் விளையாட்டு இல்லை. கேனோ பயிற்றுநர் ஆகிறதுக்கான கோர்ஸ் ஒன்று, பேராக் பக்கம், அடுத்த வாரமே தொடங்குகிறது. இடம் கிடைத்துவிட்டது. போக அப்பா ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த வயசில் அப்பாவிடம் என்ன கேட்பது என்று நீங்கள் கேட்கலாம். அம்மா இல்லாத வீடு. அந்த மனுஷன் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டி அவளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அவர் முகம் கோணினால் அவள் எங்கேயும் கிளம்ப மாட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எங்கள் எல்லோரையும் வீட்டு வாசலில் நிற்க வைத்துத்தான் அவர் பேசினார்.

"பொம்பளப் புள்ளைக்கு ஆத்துல என்ன வேலன்னு நான் கேக்கல. ஊரு கேக்குது."

"ஊரு கெடக்குதுப்பா."

"சரி, ஊரு கெடக்கட்டும். நான் கேக்கறேன். நாலு பேர நம்பி ஒன்கிட்ட வுடுவாங்களா? அதக் காட்டு. இந்தத் தடிப்பசங்க அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போ. ஞாயித்துக்கெழம வெளக்கு வெக்கறதுக்குள்ள கோலசிலாங்கூர் ஜெட்டியில வந்து நில்லு. நான் அங்க நிப்பேன். ஒருத்தன் கொறஞ்சாலும் சரி, பொழுது சாஞ்சு வந்தாலும் சரி, அப்பறம் கோர்ஸ் பேச்சே எடுக்கக் கூடாது."

"அங்கிள், தடியன்ல பாதி கொறஞ்சா பரவால்லையா? மிச்சமே ஒரு ஆள் இருக்கும்," என்றேன்.

"மொதல்ல கொறையப் போறவன் நீதாண்டா," என்றார்.

மறுநாள் காலையில் ஆற்றோரத்து முனீஸ்வரர் கோயிலில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். பாய் தள்ளி நின்று அவன் துஆவை அவன் ஓதிக்கொண்டான். அப்போது தடியன் பையிலிருந்து மூன்று எலுமிச்சம் பழத்தை எடுத்தான். புது வண்டிக்கு டயருக்கு அடியில் வைத்து ஏற்றுவோமே, அதற்கு.

"கேனோவுக்கு டயர் எங்கடா இருக்கு?" என்றாள் கேப்டன்.

"அதெல்லாம் தெரியாது லா. நசுங்காம நான் கெளம்ப மாட்டேன்."

கடைசியில் எலுமிச்சம் பழத்தைக் கரையில் வைத்து, தடியனைக் கேனோவுக்குள் உட்கார வைத்து, நாங்கள் இழுத்தோம். பழம் நசுங்கியது. எங்கள் இடுப்பும்தான். உடைத்த தேங்காயில் ஒரு மூடியைச் சாமிக்கு வைத்துவிட்டு, இன்னொன்றை ஆற்றுக்கு என்று சொல்லித் தடியன் தண்ணீரில் விட்டான். அது முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம்.

போனோம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். சுற்றினோம். ஒருவன் வலது பக்கம் துடுப்புப் போட்டால் கூட இருப்பவன் இடது பக்கம் போட்டு அதைக் கெடுப்பான். இரட்டையர்களின் கேனோ காலையிலிருந்து மூன்று தடவை வந்த பக்கமே பார்த்துத் திரும்பி நின்றது. கேப்டன் என்னைத் தன் கேனோவிலேயே முன்னால் உட்கார வைத்திருந்தாள். "பின்னால வுட்டா நீ என்ன செய்றேன்னு தெரியாது" என்று காரணமும் சொல்லிவிட்டாள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை போனது.

ஒரு மணல் திட்டில் ஒதுங்கி உட்கார்ந்தபோது திடீரென்று தடியனைக் கேட்டாள்.

"தைப்பூசத்துல காவடிக்கு அடிக்கறப்ப ஒரு அடியாச்சும் தப்புவீங்களா?"

"தப்புனா காவடி எடுக்கறவரு எங்கள எடுத்துருவாரு," என்றான் அவன்.

"அப்ப அதே அடிதான். கையில குச்சிக்குப் பதிலா துடுப்பு. டேய், நீ வாயால அடி," என்று என் முதுகில் துடுப்பால் ஒரு இடி இடித்தாள். "ஒன் வாய் இன்னைக்காச்சும் ஒழைக்கட்டும்."

நான் வாயால் உறுமி அடித்தேன். காவடி நடக்கும்போது அடிக்கிற அடி, ரொம்ப வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. கனத்த அடி விழும்போது துடுப்பு தண்ணீரில் இறங்க வேண்டும். முதல் வளைவுக்குள்ளேயே மூன்று கேனோவும் கோடு போட்டதுபோல் நேராகப் போக ஆரம்பித்தன. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் நிற்க வைக்கவே ஒரு வாத்தியார் படாத பாடு பட்டார்.

அதற்குப் பிறகு ஆறு எங்களுக்குப் பழகிவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை. நடுநடுவே காடு, மணல் அள்ளிய குட்டை, மலாய்க் கம்பத்து வீடுகள். சாயங்காலம் ஒதுங்கினால் சோறும் சார்டின் மீன் போட்ட காரச் சம்பலும். சமையல் பாய் பொறுப்பு. அவன் கடையில் வெறும் டீ ஆற்றத்தான் விடுவார்களாம், அதனால் எதையாவது ஆற்றிக்கொண்டே இருந்தான், சம்பலைக்கூட. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பு வந்த இடத்தில் கேனோவை ஒவ்வொன்றாகத் தூக்கி, தோட்டத்துச் செம்மண் ரோட்டில் சுமந்து போனோம். சாமான் நனையாமல் இருக்க மேலே துணி போட்டு மூடி, தோளில் வைத்து ஆறு பேர் வரிசையாகப் போவதைப் பார்த்துத் தோட்டத்துக் காவல்கார ஜாகா மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"யாரு தம்பி, சொந்தமா?" என்றார்.

"ஆமாண்ணே, நெருங்குன சொந்தம்," என்று நான் மூக்கை உறிஞ்சினேன். கேப்டன் ஒரு உதை விட்டாள். கேனோ என்று தெரிந்ததும் அவர் அவமானப்பட்டு, குலை திருடுகிறோமா என்று துணியை விலக்கிப் பார்த்தார். அரிசி மூட்டைதான் இருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரைத் தாண்டியும் எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. கிளம்பும் நேரம், ஒதுங்கும் நேரம், யார் யாரோடு உட்கார வேண்டும், எல்லாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிப்பா பனை ஓலைகள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். ஆறு அகலமாகிவிட்டது. பாழடைந்த ஒரு பலகை ஜெட்டியில் கேனோக்களைக் கட்டிவிட்டுச் சாப்பிட்டோம். பொழுது சாய நிறைய நேரம் இருந்தது. கேப்டன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. கோர்ஸுக்கு எந்தப் பையை எடுத்துப் போவது என்றுகூடப் பேசினாள்.

அப்போதுதான் தடியன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"டேய்... அங்க பாரு."

ஒரு தேங்காய் மூடி. வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டிருந்தது என்றால், கடல் பக்கத்திலிருந்து மேலே. ஆற்றை எதிர்த்து. நிதானமாக எங்களைத் தாண்டி, நாங்கள் வந்த வழியே ஏறிப் போனது.

எங்களுக்குத் தெரிந்தது ஆற்றின் மேல் பகுதிதான். பிறந்ததிலிருந்து அது ஒரே பக்கம்தான் ஓடியிருக்கிறது. மழைக்குக் கொழுக்கும், வெயிலுக்கு மெலியும், ஆனால் திரும்பி நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

"நாம ஒடச்ச தேங்கா," என்றான் தடியன். அவன் குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "சாமி வேணான்னு திருப்பி அனுப்பிருச்சு."

"அது மூணு நாள் முன்னாடி ஒடச்சதுடா. இந்நேரம் அது சுமத்திராவுல இருக்கும்," என்றேன். சொன்னேனே தவிர, என் கையிலும் முடி நின்றது.

இரட்டையர்கள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரே பேச்சுப் பேசினார்கள். "நாங்க இனிமே ஏறல. ரோட்டுக்குப் போயி வண்டி புடிச்சுப் போறோம்." ஒருவன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டான். நான் ஜெராம்காரனைப் பார்த்தேன். "பாய், கடலு ஒங்க ஊருதானே, சொல்லேன்." அவன் தலையைச் சொறிந்தான். "கடலு கடைக்குப் பின்னாலடா. நான் முன்னாலதான் நிப்பேன்."

கேப்டன் ஒரு நிப்பா ஓலையைக் கிழித்துத் தண்ணீரில் போட்டாள். அதுவும் மேலே போனது. கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொன்று. அதுவும். பிறகு போனை எடுத்து எதையோ பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்குத்தான் தெரிந்தது, ஏனென்றால் நான்தான் கிட்டே இருந்தேன்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல," என்றாள். "கடல் தண்ணி ஏறி வருது. இங்க வரைக்கும் வரும். அது எனக்குத் தெரியும். ஆனா நான் பாத்து வெச்சது கோலசிலாங்கூர் வாயில தண்ணி எறங்கற நேரம். அங்க எறங்க ஆரம்பிச்சாலும் இவ்வளவு உள்ள வந்துட்ட தண்ணி திரும்ப நேரமாகும். அங்கத்து நேரத்த இங்க வெச்சுட்டேன். என் தப்பு."

"நீ சாமி தப்புன்னே சொல்லிருக்கலாம், இவனுங்க நம்பிருப்பானுங்க," என்றேன்.

தடியனை மட்டும் கூப்பிட்டு தண்ணீருக்குள் நின்ற ஓலைத் தண்டைக் காட்டினாள். சேறு ஈரமாக இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. "பாரு, ஏறுது. இது நின்னு, அப்பறம் எறங்கும். எறங்கறப்ப நம்பள அதுவே இழுத்துட்டுப் போகும். அதுவும் முனீஸ்வரர் ஏற்பாடுதான், சரியா?" தடியன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போய் இரட்டையன் கழற்றிய லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, அவன் தலை வழியாகவே மாட்டிவிட்டான்.

இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று துடுப்புப் போட்டோம். வாய் வலிக்க நான் அடித்தேன். கை வலிக்க அவர்கள் இழுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அதே பலகை ஜெட்டி. தடியன் கையில் தசை பிடித்துக்கொண்டது. கேப்டன் உடனே நிறுத்தச் சொல்லி, திரும்ப அதே இடத்தில் கட்ட வைத்தாள். அப்பாவுக்குப் போன் செய்தாள். நாங்கள் கேட்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நன்றாகக் கேட்டோம்.

"அப்பா, லேட்டாகும். தண்ணி எதுத்து வருது... இல்லப்பா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க... தெரியும்பா... தெரியும்பா, சொன்னீங்க."

போனைப் பைக்குள் வைத்தாள். "சொன்னது சொன்னதுதானாம்," என்றாள்.

அதற்குக் கொஞ்ச நேரத்தில் ஒரு மீன்பிடிப் படகு வந்தது. மலாய்க்காரர், வயசானவர், பின்னால் சின்ன எஞ்சின். எங்களைப் பார்த்து எஞ்சினை அடக்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் 'பாசாங்'தான், தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்றார். தான் கோலசிலாங்கூர்தான் போவதாகவும், தன் எஞ்சினுக்கு மூன்று கேனோவை இழுக்க முடியாது, ஒன்றைக் கட்டி இழுத்துப் போகிறேன், வேண்டுமானால் வாருங்கள் என்றும் சொன்னார்.

ஒரு கேனோ என்றால் இரண்டு பேர். பொழுது சாய்வதற்கு முன்னால் ஜெட்டி.

"ஏறு," என்றேன் கேப்டனிடம். கிண்டல் இல்லாமல் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். "நீயும் தடியனும் போங்க. அவனுக்குக் கையும் வலிக்குது. ஒங்கப்பா முன்னால போயி நில்லு. நாங்க பின்னால வரோம்."

பாயும் சொன்னான். "போ கேப்டன். நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?"

"ஆமா," என்றாள் அவள்.

"கோர்ஸ் போயிரும்."

"போகட்டும். கூட்டிட்டு வந்தவ கடைசியாத்தான் கரை ஏறணும். அதுகூடத் தெரியாதவளுக்குக் கோர்ஸ் எதுக்கு?"

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, நெஞ்சை நிமிர்த்தவில்லை. தடியனை மட்டும் போகச் சொன்னாள். அவன் கையைத் தேய்த்துக்கொண்டே, "உறுமி இல்லாம மேளமா?" என்று நகராமல் உட்கார்ந்துவிட்டான். மீன்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டே போனார். எஞ்சின் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் தேய்ந்து போனது.

அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் என்ன ஏறியது என்று எழுதத் தெரியவில்லை. எங்கள் அஞ்சு பேரை நம்பி யாரும் எதையும் கொடுத்தது கிடையாது, கோயில் சாவிகூட. எங்களுக்காக ஒருத்தி, தான் ஆசைப்பட்டதைப் போகட்டும் என்று சொல்லிவிட்டுச் சேற்றில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

கொசு பிடுங்கியது. கேப்டன் தலையைக் குனிந்தபடி, "என்னடா சத்தமே இல்ல? பேசு. நீ பேசலன்னா எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பேசினேன். ஆற்றை எதிர்த்து ஏறிப் போன தேங்காய் மூடி இந்நேரம் ராசா போய்ச் சேர்ந்து, முனீஸ்வரர் முன்னால் நின்று எங்களைப் பற்றிப் புகார் கொடுப்பதாக ஆரம்பித்தேன். "சாமி, ஒருத்தன் கேனோவுக்கு எலுமிச்சம் பழம் வெக்கிறான். ஒருத்தன் சம்பல ஆத்துறான். ரெண்டு பேரு ஒரே மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ அசிங்கம் நீ அசிங்கம்னு சண்ட போடறானுங்க." அங்கேதான் இரட்டையர்கள் உடைந்தார்கள். பிறகு தடியன். தடியன் சிரித்தால் ஜெட்டிப் பலகை ஆடும். கேப்டனும் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஓலைத் தண்டில் விரல் அகலத்துக்கு ஈரச் சேறு வெளியே தெரிந்ததை முதலில் பார்த்தது தடியன்தான். "எறங்குது! எறங்குது!" என்று கத்தினான், தானே இறக்கிவிட்ட மாதிரி.

கேப்டன் அவசரப்பட விடவில்லை. கயிறு, சாமான், லைஃப் ஜாக்கெட், எல்லாவற்றையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தாள். தலையில் விளக்கு மாட்ட வைத்தாள். தடியனைப் பாயோடு முன்னால் போட்டு, வலிக்கிற கைக்கு ஓய்வு கிடைக்கிற பக்கம் மாற்றினாள். எங்கள் கேனோ கடைசி.

அடித்தேன். வாயால் அடித்ததிலேயே அதுதான் என் நல்ல அடி. இப்போது ஆறும் எங்கள் பக்கம். துடுப்பு ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறியது. தண்ணீர் எங்களைத் தள்ளியது, நாங்கள் தண்ணீரைத் தள்ளினோம். இரண்டு பக்கமும் மங்க ஆரம்பித்து, கரையில் நின்ற மரங்களில் முதல் மின்மினிகள் பற்றிக்கொண்டன. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் டிக்கெட் எடுத்து வருவார்கள். நாங்கள் தலையைத் திருப்பவில்லை.

கோலசிலாங்கூர்ப் பாலத்து விளக்கு தூரத்தில் தெரிந்தபோது கரைப் பள்ளிவாசலிலிருந்து, பொழுது சாய்ந்ததும் சொல்கிற மக்ரிப் பாங்கு கேட்டது. பாய் திரும்பிக் கேப்டனைப் பார்த்தான். எல்லோருக்கும் தெரியும். விளக்கு வைத்தாயிற்று. கெடு முடிந்தது.

"வேகமா அடிக்கவா?" என்றேன்.

"வேணாம். தடியன் கை தாங்காது. அதே அடி," என்றாள்.

அதே அடியில்தான் போய்ச் சேர்ந்தோம்.

ஜெட்டியில் விளக்கடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். லோரிக்குப் போடுகிற அதே சட்டை. முதலில் பாயும் தடியனும், பிறகு இரட்டையர்கள், பிறகு நான். எல்லோரும் ஏறின பிறகு அவள். அப்பாவிடம் நேராகப் போய் நின்றாள்.

"லேட்டாயிருச்சுப்பா. தண்ணி மேல தப்பு இல்ல, நேரத்த நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் எங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை. "அங்கிள், ஒரு போட்காரரு அவள மொதல்லயே கூட்டிட்டு வரேன்னாரு, அவதான்..."

"தெரியும். அவரு இங்க வந்து சொல்லிட்டுத்தான் போனாரு," என்றார். "கூட வந்தவங்கள வுட்டுட்டு வர மாட்டேன்னு ஒரு பொண்ணு அங்க ஒக்காந்திருக்கு, அது யாரு புள்ளைன்னு என்னையே கேட்டாரு."

"நீங்க என்னாப்பா சொன்னீங்க?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காற்சட்டையைச் சுருட்டக்கூட இல்லை, அப்படியே சேற்றில் இறங்கி, எங்கள் கேனோவின் மூக்கைப் பிடித்து மேலே இழுத்தார். எலுமிச்சம் பழத்தோடு நாங்கள் அஞ்சு பேர் இழுத்ததை அவர் ஒரே ஆளாக இழுத்தார். இழுத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் கேட்டார்:

"கோர்ஸுக்கு பஸ் எத்தன மணிக்கு?"

கேப்டன் அப்படியே ஜெட்டிப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தடியன், கை வலி எல்லாம் மறந்து, ஜெட்டித் தூணில் உறுமி அடிக்க ஆரம்பித்தான். நான் ஜால்ராவுக்கு இரண்டு சட்டி மூடியை எடுத்தேன். இரட்டையர்கள் ஆடினார்கள். பக்கத்துக் கடைகளில் மீன் சாப்பிட வந்த குடும்பங்கள் எல்லாம் எழுந்து நின்று, இது என்ன திருவிழா என்று பார்த்தன. அவர் மட்டும், "போதும்டா, மானத்த வாங்காதீங்க," என்று சொல்லிக்கொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று அவர் சொன்னார். நாங்களும் வேர்வை என்றே வைத்துக்கொண்டோம்.

அவள் கோர்ஸ் முடித்துவிட்டாள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆற்றில் கூட்டிப் போகிறாள். லீவு கிடைத்தால் நானும் போய்க் கேனோ தூக்குவேன், வாயால் அடி சொல்லிக் கொடுப்பேன். பிள்ளைகள் என்னை 'சார்' என்று கூப்பிடுகிறார்கள். என்னைப் பள்ளியில் படிக்க வைத்த வாத்தியார்கள் யாரும் இதைப் படிக்காமல் இருக்கட்டும், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். டயர் கடையில் யாராவது உனக்கு என்னடா தெரியும் என்று கேட்டால் முன்பெல்லாம் கிண்டலாகப் பதில் சொல்வேன். இப்போது ஒன்றும் சொல்வதில்லை, உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறேன். ஒரு ஆளை விட்டுவிடாமல் ஆறு பேரும் லேட்டாக வந்து சேர்ந்த அந்த ஒரு சாயங்காலம், நான் ஜெயித்த ஒரே போட்டி மாதிரி இன்னமும் என் நெஞ்சுக்குள் நிமிர்ந்து நிற்கிறது.

இதை முழுக்க எழுதி முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் கேப்டனுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் நீல டிக் மட்டும் இருந்தது. பிறகு பதில் வந்தது:

"படிச்சுட்டேன் சார், சனிக்கெழம காலையில புள்ளைங்க வருது, லேட்டா வந்தீங்கன்னா வுட்டுட்டுப் போயிருவேன்."